லாந்தர் தீவின் சொந்தக்காரி

அம்பிட்டிய, கண்டி
14.01.2024

அன்புள்ள மகள் ஜெஸ்மினுக்கு,

ஆண்டவர் புண்ணியத்துல அப்பாவும் அம்மாவும் விழாமல் நடமாடுகிறோம். அம்மாவின் கணுக்கால் வீக்கம் கொஞ்சம் வத்தியிருக்கு. நீ எப்படி இருக்கிற? பண்டாரவளைக் குளிர் தாங்க முடியுதா? வயிறு நிறையச் சாப்பாடு தர்றாங்களா?

இந்தக் கடிதத்தை உன் கையில தர முன்ன, புதுப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஷாமலா வாசிப்பாங்கன்னு நீ சொன்னாய். அதனால முதல்ல அவங்களுக்கு: சிஸ்டர், இயேசுவுக்கே புகழ். என் கையெழுத்துக்கு மன்னிக்கணும். பத்தாம் வகுப்போட பள்ளிக்கூடம்தான் என்னை விட்டிடிச்சு, நான் அதை விடல்ல.

இனி விஷயம். மடத்துக்குப் போக முன்ன நீ உன் சாமான் எல்லாத்தையும் பிரிச்சுக் குடுத்தாயே, சைக்கிள் பக்கத்து வீட்டு நிலூஷாவுக்கு, தையல் மெஷின் அம்மாவுக்கு. எனக்கு, பெரிய போன் மாதிரி இருக்கிற உன் டெப்பும், அதுக்குள்ள இருக்கிற லாந்தர் தீவு விளையாட்டும். கட்டுக்கலை வாடகைக் கடையில உக்காருற கதிரையும் டென்ட்டும் லொறியில ஏத்தி இறக்கிற மனுஷனுக்கு இது எதுக்குன்னு அன்னைக்கு யோசிச்சேன். இப்ப ஒவ்வொரு நாளும் பின்னேரம் வேலை விட்டு வந்து, முகம் கழுவ முன்ன அதைத்தான் திறக்கிறேன்.

அங்க ரெட்டைப் பின்னலும் செவப்புக் கவுனுமா ஒரு பிள்ளை நிக்குது. தலைக்கு மேல ஜெஸ்மின்னு பேர் போட்டிருக்கு. முதல் நாள் அதை நடக்க வைக்கப் பாத்து நேரா கடலுக்குள்ள இறக்கிட்டேன். அம்மா அடுப்படியில இருந்து ஓடி வந்து, "ஐயோ, பிள்ளையத் தூக்குங்க!"ன்னு கத்தினாள். இப்ப பழகிட்டேன். கொரோனா நேரம் நீ வேலைக்குப் போகாம இருந்து கட்டின வீடு எல்லாத்தையும் சுத்திப் பாத்தேன். அப்பா வீடுன்னு ஒண்ணு கட்டி, முன்னுக்கு எட்டுக் கதிரை போட்டிருக்கிற. அங்கயும் எனக்குக் கதிரைதானா?

ஒரு சந்தேகம். கழுதைக்குக் கங்காணின்னு ஏன் பேர் வச்சாய்? அது நான் என்ன குடுத்தாலும் தின்னுது, ஆனா நகர மாட்டேங்குது. வழி சொல்லு.

அம்மா சொல்றாள், பிள்ளைய ரொம்ப நேரம் வெயில்ல நிக்க வைக்க வேணாமாம். அவள் சொன்னது டெப்புல நிக்கிற பிள்ளையை.

இப்படிக்கு, உன்னை நினைச்சபடி இருக்கும்
அப்பா யாகப்பர்


பண்டாரவளை
04.02.2024

அன்பின் அப்பா, அம்மா,

இயேசுவின் சமாதானம் உங்களோடு இருப்பதாக. நான் சுகம். அம்மா கால் வீக்கத்துக்குக் கட்டாயம் பேராதனை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகவேணும். அப்பா கூட்டிப் போங்க, பஸ்ஸில் தனியா விட வேண்டாம்.

உங்கள் கடிதத்தை சிஸ்டர் ஷாமலா வாசித்து, கடலுக்குள் இறக்கின இடத்தில் சிரித்து, மத்தச் சகோதரிகளுக்கும் சொல்லிவிட்டார். இப்போது இங்கே எல்லாருக்கும் கங்காணியைத் தெரியும்.

தாத்தா ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் ஒரு கங்காணியைப் பற்றிச் சொல்வாரே, தானும் வேலை செய்யாமல் மற்றவனையும் நகரவிடாமல் வழியில் நிற்பான் என்று. அதனால் அந்தப் பேர். கழுதையை இழுக்கக் கூடாது அப்பா. நீங்கள் முன்னால் நடந்து போனால் பின்னால் வரும். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும்.

இங்கே காலையில் பூசை, பிறகு தோட்ட வேலை, படிப்பு. தவக்காலம் தொடங்கினால் கடிதம் எழுதவும் மாட்டோம், வருகிற கடிதங்களை உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகுதான் கையில் தருவார்கள். அதனால் பதில் பிந்தினால் பயப்பட வேண்டாம்.

தீவு உங்களுக்குப் பொழுது போக உதவுகிறது என்று கேட்டது நிம்மதி.

செபத்தில் மறவாத
ஜெஸ்மின்


அம்பிட்டிய
03.03.2024

அன்புள்ள மகளுக்கு,

இது உனக்குப் பெருநாள் கழிஞ்சுதான் கிடைக்கும்னு தெரியும். இருந்தும் கை சும்மா இருக்க மாட்டேங்குது. இங்க வெயில். மகாவலி ஆத்துல பாறை தெரியுது. எனக்கு முதுகு கொஞ்சம் பிடிப்பு, வயசுக்குச் சரியான அளவு. உனக்கு முழங்கால் நோகுதா? ரொம்ப நேரம் முழங்காலில நிக்க விடுறாங்களா?

கழுதை வந்திடிச்சு! நீ சொன்ன மாதிரி முன்னால நடந்தேன். அதாவது உன்னை நடக்க வச்சேன். பின்னாலேயே வந்திடிச்சு.

ஆனா ஒரு சிக்கல். போன கிழமை டெப்பைத் திறந்தால் தீவு வரல்ல. கறுப்பு எழுத்தில ஒரு பெரிய ஒப்பந்தம் வந்திச்சு, கடைசியில "சம்மதம்"னு ஒரு பொத்தான். கண்ணாடியப் போட்டும் விளங்கல்ல. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துல போன் திருத்துற ஷிராஸ் தம்பிகிட்ட கொண்டு போனேன். அவன் சிரிச்சான்.

"யாரு அங்கிள் இத வாசிக்கிற? அமத்திட்டுப் போங்க."

"அமத்துறது என்னண்டு தெரியாம எப்படித் தம்பி அமத்துறது?"

"நான் பத்து வருஷமா அமத்துற. எனக்கு ஒண்ணும் ஆகல்லயே."

விடாம நின்னு அவனை வாசிக்க வச்சேன். பாவம், பின்னுக்கு ஆள் நிக்குது, அவன் எனக்குத் தமிழாக்கிக்கிட்டிருக்கிறான். அதில எழுதியிருக்கு: இந்த விளையாட்டை உங்களுக்கு விக்கல்ல, பாவிக்கிறதுக்கு அனுமதி மட்டும்தான் தந்திருக்கு. அந்த அனுமதியை வேற ஆளுக்குக் குடுக்கவும் ஏலாது, விக்கவும் ஏலாது, செத்தா எழுதி வைக்கவும் ஏலாது. கடைசியில, "இந்தக் கணக்குக்கு உரியவர் நானே"ன்னு ஒத்துக்கிட்டுத்தான் பொத்தானை அமத்தணும்.

மகள், நீ சம்பளத்துல காசு குடுத்துத்தானே வாங்கினாய்? எங்க கடையில கதிரையை வாடகைக்குக் குடுக்கிறோம், அது வாடகைன்னு எல்லாருக்கும் தெரியும். இவங்க விக்கிற விலை வாங்கிட்டு வாடகைன்னு சொல்றாங்க. எங்க முதலாளிக்கு இந்த மூளை வரல்லையேன்னு நினைச்சேன்.

அது கிடக்கட்டும். எனக்கு அதைவிடப் பெரிய கஷ்டம் ஒண்ணு. தவக்காலத்துல பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தவன், "நான்தான் ஜெஸ்மின்"னு எப்படி அமத்துவேன்? அதனால கொம்பனிக்கே உண்மையை எழுதி அனுமதி கேக்கிறதா முடிவு பண்ணியிருக்கேன். நம்ம கோயில் பாதர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டேன், "இந்தப் பங்கைச் சேர்ந்த செல்வி ஜெஸ்மின் துறவறத்துக்குப் போயிருப்பதை உறுதிப்படுத்துகிறேன், தகப்பனார் நல்லொழுக்கம் உள்ளவர்"னு. கிராம சேவகர்கிட்டயும் ஒரு அத்தாட்சி எடுத்தேன். அவர் சிங்களத்துல கேட்டார், "யாகப்பர், கழுதை பாக்கிறதுக்கும் நான் சீல் அடிக்கணுமா?" அடிச்சுத் தந்தார், நல்ல மனுஷன். ஷிராஸ் தலையில கை வச்சிட்டான். "அனுப்பாதீங்க அங்கிள், கேட்டுக்கங்க"ன்னான். இருந்தும் படம் பிடிச்சு இணைச்சு, என் கடிதத்தையும் இங்கிலீசில அனுப்பித் தந்தான்.

நேர்மைக்கு ஒரு மரியாதை இருக்கும்தானே. பதில் வந்ததும் எழுதுறேன். அம்மா நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் உன் தலைக்கு அனுப்பவான்னு கேக்கிறாள். முடி வெட்டிட்டாங்கன்னு அவளுக்கு ஞாபகம் இருக்கிறதில்ல.

அப்பா


பண்டாரவளை
02.04.2024

அன்பின் அப்பா,

உயிர்ப்புப் பெருநாள் வாழ்த்துக்கள். நான் சுகம். உங்கள் கடிதம் நேற்றுத்தான் கையில் கிடைத்தது. மற்றதெல்லாம் பிறகு எழுதுகிறேன், இதை உடனே தபாலில் போடவேணும்.

அப்பா, அந்தக் கடிதத்தைக் கொம்பனிக்கு அனுப்பிவிட்டீர்களே, "தவறுதலாக எழுதிவிட்டேன்" என்று உடனே இன்னொன்று எழுதச் சொல்லி ஷிராஸ் அண்ணாவிடம் கேளுங்கள். அவர்களுக்குப் பாதரையும் தெரியாது, கிராம சேவகரையும் தெரியாது. கணக்கை இன்னொருவருக்குக் கொடுத்தோம் என்று நாங்களே சாட்சியோடு எழுதிக் கொடுத்தால் மூடிவிடுவார்கள்.

பிந்திவிட்டதோ என்று பயமாயிருக்கிறது. பதில் போடுங்கள்.

அன்பு மகள்
ஜெஸ்மின்


அம்பிட்டிய
28.04.2024

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைச்சது. சந்தோஷம். நாங்க இருக்கிறோம். உனக்கு இருமல் ஒண்ணும் இல்லையே?

புது வருஷத்துக்கு ஊரெல்லாம் விளையாட்டுப் போட்டி. கதிரை ஏத்தி ஏத்தி கை கழண்டு போச்சு. ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு லொறியோட போனேன். மழை பிடிச்சு, டென்ட்டுக்குக் கீழ நூறு பேர், கயிறு இழுக்கிற போட்டியையும் டென்ட்டுக்குள்ளேயே நடத்தினாங்க. ரெண்டு பக்கமும் தூணைப் பிடிச்சுக்கிட்டாங்க. டென்ட் விழுந்திச்சு. ஒருத்தருக்கும் காயமில்ல. முதலாளி என்னைத்தான் ஏசினார்.

அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். உப்பைக் குறைக்கச் சொன்னாங்க. அவள் என் சாப்பாட்டுல குறைச்சிட்டாள்.

பங்குக் கோயில்ல புதுசா பைபிள் வச்சு வாசிக்கிற தட்டு செஞ்சிருக்கு, தேக்கு மரத்துல. வேற விசேஷம் இல்ல.

மழை தொடங்கியிருக்கு. உங்க பக்கமும் பெய்யும். நனையாத.

வேற விசேஷம் ஒண்ணும் இல்ல.

அப்பா


பண்டாரவளை
02.06.2024

அன்பின் அப்பா, அம்மா,

இயேசுவின் திரு இருதயம் உங்களைக் காப்பதாக. நான் சுகம், இருமல் இல்லை. அம்மாவின் கால் எப்படி?

அப்பா, நீங்கள் இரண்டு தரம் "வேற விசேஷம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். டென்ட் விழுந்ததை ஒரு பந்தி எழுதின நீங்கள் தீவைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. சிஸ்டர் ஷாமலாவே கடிதத்தைத் தரும்போது, "கழுதையக் காணோமே" என்றார்.

கங்காணி எப்படி இருக்கிறான்? உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள்
ஜெஸ்மின்


அம்பிட்டிய
23.06.2024

அன்புள்ள மகளுக்கு,

நாங்க உயிரோட இருக்கிறோம். நீயும் அந்தக் குளிருக்குள்ள நல்லா இருக்கணும்னு வேண்டுறேன்.

கங்காணி இல்ல மகள். மூடிட்டாங்க.

நீ தடுத்து எழுதின கடிதம் வர முன்னமே பதில் வந்திட்டுது. ரொம்ப மரியாதையான பதில். எங்க நேர்மைக்கு நன்றி, உங்க மகளின் புதிய வாழ்க்கைக்கு வாழ்த்து, பாதருக்கும் கிராம சேவகருக்கும்கூட வணக்கம். அதுக்குப் பிறகுதான், கணக்கை மாத்திக் குடுத்தது ஒப்பந்தத்துக்கு விரோதம்னபடியால் மூடிட்டோம்னு இருந்திச்சு. ஷிராஸ் வாசிச்சு முடிச்சிட்டு மேசையைத் துடைச்சான். பிறகு, "டீ குடிக்கிறீங்களா அங்கிள்?"ன்னான். அவன் ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

இந்த உலகத்துல சொந்த மகளின் வீட்டுக்குச் சீல் வைக்கிறதுக்குக் கிராம சேவகரின் கையெழுத்தோட போய் நின்ன முதல் ஆள் நானாத்தான் இருப்பேன். கண்டியில இருக்கிற முட்டாள்களைக் கூட்டி ஒரு கூட்டம் போட்டால், கதிரையும் என் கையால போட்டு, தலைவர் கதிரையில நானே உக்காரலாம்.

பின்னேரத்துல டெப்பைத் திறந்தால் ஒரு லாந்தர் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. அம்மா வந்து எட்டிப் பாத்து, "பிள்ளை எங்க?"ன்னு கேக்கிறாள். மூடிட்டாங்கன்னு சொன்னால், "அப்ப ராத்திரிக்கு எங்க படுக்கும்?"ங்கிறாள். தெரிஞ்சேதான் கேக்கிறாளா, தெரியாமத்தான் கேக்கிறாளா, முப்பது வருஷமா எனக்குக் கண்டுபிடிக்க முடியல்ல.

இன்னொண்ணு. சும்மா தகவலுக்குத்தான் எழுதுறேன். கொம்பனி கடைசியில ஒரு கேள்வி கேட்டிருந்தது. உங்க மகள் திரும்பி வந்து தானே பாவிப்பாங்களா, மாட்டாங்களா, அறியத்தாங்க. வந்தா அவங்க பேருக்குத் திறந்து தர்றோம். மாட்டாங்கன்னா அழிச்சிடுவோம். வருஷக் கடைசி வரைக்கும் வச்சிருப்பாங்களாம்.

அதுக்கு நான் இன்னும் பதில் எழுதல்ல. என்ன எழுதுறதுன்னு தெரியல்ல.

அப்பா


பண்டாரவளை
07.07.2024

அன்பின் அப்பா,

நான் சுகம். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. "என்னுடைய" என்று ஒருவரும் சொல்லக் கூடாது. நம்ம கட்டில், நம்ம சப்பாத்து, நம்ம பல்துலக்கிகூட. போன மாதம் திரு இருதயப் பெருநாளன்று எல்லாரும் அறை மாறினோம். தலையணையையும் விட்டுவிட்டுத்தான் போகவேணும். நான் ஆறு மாதமாகக் காலில் பழக்கி மெதுவாக்கின சப்பாத்து இப்போது இன்னொரு சகோதரியின் காலில். அதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தவள் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. இப்போது பார்த்தால், உங்களுக்குத் தந்த அந்த ஒன்று என்னுடையதே இல்லை. எனக்குச் சொந்தமில்லாததைத்தான் அப்பாவுக்குப் பரிசாகத் தந்திருக்கிறேன். நீங்கள் முட்டாள் இல்லை, நான்தான்.

நேற்று சிஸ்டர் ஷாமலாவிடம் பேசினேன். டவுனுக்குப் போய்க் கொம்பனிக்கு எழுத அனுமதி தந்தார். ஆனால் நான் பொய் எழுதமாட்டேன். "திரும்பி வந்து நானே பாவிப்பேன்" என்று எழுதினால் நான் வரத்தான் வேணும். துறவியாக இருப்பேன் என்று கொடுக்கும் முதல் வார்த்தைப்பாடு அடுத்த தை மாதம்தான். அதுக்கு முன்னே யாரும் வீட்டுக்குப் போகலாம், அதில் ஒரு குற்றமும் இல்லை. போனவர்களும் இருக்கிறார்கள்.

அப்பா, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வா என்றால் எழுதிவிட்டு வருகிறேன்.

உங்கள் மகள்
ஜெஸ்மின்

(கீழே பென்சிலில்: யாகப்பர் அண்ணே, இதில் நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாசித்தேன், அவ்வளவுதான். உங்களுக்காகச் செபிக்கிறேன். சி. ஷாமலா)


அம்பிட்டிய
04.08.2024

மகள் ஜெஸ்மினுக்கு அம்மா எழுதுறது,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்ல. உன் கடிதம் வந்த நாளில இருந்து அப்பா எழுதுறார், கிழிக்கிறார். கேட்டால் பெரஹரா ஊர்வலத்துக்கு வேலைங்கிறார். பெரஹராவுக்கு எழுத்து வேலை எதுக்கு?

என் கால் பரவாயில்ல. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா சொல்றதைக் கேட்டு ஒண்ணும் செய்யாத. அவர் சொல்லாததைக் கேட்டும் ஒண்ணும் செய்யாத.

அம்மா ஐரின்


அம்பிட்டிய
01.09.2024

அன்புள்ள மகளுக்கு,

பிந்தினதுக்கு மன்னிக்கணும். பெரஹரா முடிஞ்சு, கதிரையெல்லாம் கழுவி அடுக்கி, இன்னைக்குத்தான் முதுகு நிமிர்ந்தது. நீங்க எல்லாரும் சுகமா இருக்கணும். பென்சில் எழுத்தைப் பாத்தேன் சிஸ்டர், நன்றி. இந்தக் கடிதத்தையும் நீங்க முதல்ல வாசிக்கிறதுல எனக்கு ஒரு நிம்மதிதான். கையில கிடைக்கிற நேரம் அவள் பக்கத்துல ஒரு ஆள் இருக்கும்.

மகள், பகல் பெரஹரா அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். ராஜ வீதி ஓரத்துல எங்க கதிரை. குருநாகல் பக்கத்துல இருந்து ஒரு சிங்கள மாத்தயா குடும்பத்தோட வந்து, காசு குடுத்து உக்காந்து பாத்தார். ஆனை எல்லாம் போய், சனம் கலையிற நேரம் பாத்தால், அவர் ஒரு கதிரையைத் தூக்கிக்கிட்டு வேன் பக்கம் போறார். நான் பின்னால ஓடினேன்.

"மாத்தயா, கதிரையைத் தாங்க."

"ஏன்? காசு குடுத்தேனே!"

"காசு குடுத்தது உக்காந்து பாக்கிறதுக்கு. கதிரை உங்களுக்கு இல்ல. அடியில எழுதியிருக்கு பாருங்க, விற்பனைக்கல்ல."

அவர் என்னை மேலயும் கீழயும் பாத்தார். "யாருப்பா கதிரையைக் கவுத்து வாசிச்சிட்டு உக்காருறது?"

அந்தக் கொம்பனிக்காரன் என் வாய்க்குள்ள இருந்து பேசிட்டான். சிரிப்பும் வந்திச்சு. அவர் கோபப்படாம கதிரையை வச்சிட்டு, அதன் முதுகை ஒரு தரம் தடவிட்டுப் போனார். திருட வந்தவர் இல்ல. பாத்து முடிச்ச பிறகு வெறுங்கையோட போக அவருக்கு மனசு வரல்ல, அவ்வளவுதான். அந்த மனுஷனை எனக்கு நல்லாத் தெரிஞ்ச மாதிரி இருந்திச்சு.

இனி உன் கேள்வி.

நான் 'வா'ன்னு எழுதின கடிதம் ஒண்ணு இருந்திச்சு. நல்லா வந்திருந்தது, ஒரு பிழையும் இல்ல. அதைக் கிழிச்சேன். 'வராத'ன்னும் ஒண்ணு எழுதினேன். அதுல பெரிய ஞானி மாதிரி இருந்தேன், எனக்கே சகிக்கல்ல. அதையும் கிழிச்சேன்.

பெரஹரா முடிஞ்ச மறுநாள் ஷிராஸ் கடைக்குப் போனேன். கொம்பனிக்கு ஒரே வரி எழுதச் சொன்னேன். "என் மகள் அந்தத் தீவுக்குத் திரும்பி வர மாட்டாள், நீங்கள் அழித்துவிடலாம்." ஷிராஸ் விரலை அமத்தாம வச்சுக்கிட்டு, "மகள்கிட்டக் கேட்டீங்களா அங்கிள்?"ன்னான். "அவள் என்கிட்டக் கேட்டிருக்கிறாள், தம்பி. அதுதான்"ன்னேன். முந்தாநாள் பதில் வந்திச்சு. அழிச்சாச்சு. இப்ப லாந்தரும் சுத்துறதில்ல.

ஏன் செஞ்சேன்னு கேட்டால், ஒரு கழுதைக்காகவும் எட்டுப் பிளாஸ்டிக் கதிரைக்காகவும் நீ வரக் கூடாது. இப்ப அது இல்ல. நீ வீட்டுக்கு வர்றதுன்னா, வரணும்னு தோணினதால வா. கதவு திறந்திருக்கும், ஒரு கேள்வியும் கேக்க மாட்டோம். இருக்கிறதுன்னா, இருக்கணும்னு தோணினதால இரு. நான் தனியா இருப்பேன்னு யோசிச்சு ரெண்டையும் செய்யாத. நான் தனியா இல்ல, அம்மா இருக்கிறாள். அவள் ஒருத்தியே எனக்குப் பெரஹரா.

டெப்பை வித்திடலாமான்னு பாக்கிறேன். ஷிராஸ் சொல்றான், டெப் மட்டும் நமக்குச் சொந்தமாம்.

குளிர் கூடுற காலம். காதை மூடிக்க.

அப்பா


பண்டாரவளை
06.10.2024

அன்பின் அப்பா,

இந்தக் கடிதம் ஒட்டி வரும். சிஸ்டர் ஷாமலாவிடம் கொண்டு போனேன். கையில் வாங்கி, பிரிக்காமல், தானே பசை தடவி ஒட்டித் திருப்பித் தந்தார். "இதை நான் வாசிக்கத் தேவையில்லை" என்றார்.

அப்பா, எனக்கு இங்கே பிடிச்சிருக்கு.

வந்த முதல் மாதமே தெரிந்துவிட்டது. குளிர் பெரிய குளிர் இல்லை. சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது, நான் உடம்பு வைத்திருக்கிறேன். முழங்கால் நோகவில்லை. காலையில் தோட்டத்தில் போஞ்சிச் செடிப் பாத்திக்குத் தண்ணீர் விடும்போது நான் பாடுகிறேன். வீட்டில் நான் பாடிக் கேட்டிருக்கிறீர்களா? எனக்கே என் குரல் தெரியாமல் இருந்தது.

ஒவ்வொரு தரமும் இதை எழுத நினைப்பேன். உங்கள் கடிதத்தில் குளிர் தாங்குதா, வயிறு நிறையுதா என்று இருக்கும். பின்னேரமானால் டெப்பைத் திறந்து என்னை வெயிலில் நடத்துவதாக இருக்கும். இப்படி எழுதுகிற மனிதருக்கு, நீங்கள் இல்லாமல் நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று எப்படி எழுதுவது? அதனால்தான் கங்காணியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். நான் கேட்டதெல்லாம் உங்களுக்காக. உண்மையில் எனக்கு அந்தத் தீவின் நினைவே வருவதில்லை அப்பா.

நீங்கள் வா என்றிருந்தால் வந்திருப்பேன். வந்து, சந்தோஷமாக இருப்பதுபோல இருந்திருப்பேன். உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

ஜனவரி 18 சனிக்கிழமை காலை வார்த்தைப்பாடு. நீங்கள் இரண்டு பேரும் முன் வரிசையில் இருக்கவேணும்.

உங்கள்
ஜெஸ்மின்


அம்பிட்டிய
20.10.2024

அன்புள்ள மகளுக்கு,

ஒட்டின கடிதம் வந்து சேர்ந்தது. தபால்காரன் குடுத்த இடத்துலேயே நின்னு வாசிச்சேன். பிறகு உள்ளுக்குப் போய் அம்மா கையில குடுத்தேன். வாசிச்சுக் காட்ட வரல்ல எனக்கு, அவளே வாசிக்கட்டும்னு.

வாசிச்சிட்டு அம்மா மடிச்சு வச்சாள். "இதைத்தான் நான் போன வருஷமே சொன்னேனே"ன்னாள். எங்க சொன்னாய்னு கேட்டேன். "அவளுக்கு மடத்து உடுப்பு மாத்தின பூசைக்குப் போனோமே, அவள் முகத்தைப் பாத்துட்டு பஸ்ஸுல சொன்னேன், இவள் இனி வர மாட்டாள், நல்லா இருக்கிறாள்னு. நீங்க ஜன்னலைப் பாத்துக்கிட்டு வந்தீங்க." சொல்லியிருப்பாள். நான் அன்னைக்கு ஜன்னலுக்கு வெளியில என்ன பாத்தேன்னும் ஞாபகமில்ல.

தை மாசத்துக்கு லீவு சொல்லியாச்சு. ரெயிலுக்குப் பேராதனையில ஏறுவோம், அம்மா படி ஏற அங்க சுகம். முதலாளி என்ன விசேஷம்னு கேட்டார். மகளுக்கு அந்த இடம் பிடிச்சிருக்காம்னு சொன்னேன். வாய்ல வந்தது அதுதான்.

மகள், உனக்கு இப்ப என்ன எழுதுறதுன்னு எனக்குத் தெரியல்ல. இது வரைக்கும் நான் எழுதினதெல்லாம் பிடிக்காத இடத்துல இருக்கிற ஒரு பிள்ளைக்கு. குளிருதா, பசிக்குதா, நோகுதா. அந்தப் பிள்ளைக்கு எழுதுறதுல நான் நல்ல கெட்டிக்காரன். பிடிச்ச இடத்துல இருக்கிற பிள்ளைக்கு எழுதி எனக்குப் பழக்கமில்ல. இனித்தான் பழகணும்.

போஞ்சிப் பாத்தியில என்ன பாட்டுப் பாடுற?

அப்பா